மூன்றாவது ஆளுக்கு மீசை

சுற்றுலா போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது செருப்பு. புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாம் நாளே கடித்துவிடும். அப்புறம் எத்தனை அரண்மனையைப் பார்த்தாலும் குதிகால்தான் ஞாபகத்தில் நிற்கும். நான் பழைய செருப்போடுதான் வந்தேன். என் வீட்டுக்காரிதான் பிடிவாதமாகப் புதுசு வாங்கினாள். அவள் கால் வீங்கியதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஐயா, நான் சொல்லச் சொல்ல இந்த வழிகாட்டி உங்கள் பாஷையில் சொல்லுவார். எங்கள் குழுவை ஒரு வாரமாக ஊர் சுற்றிக் காட்டுகிறவர் இவர்தான். பாவம், நிறைய வியர்க்கிறது அவருக்கு. அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

நான் வந்தது ஒரே காரியத்துக்கு. பழைய சுவரின் காவல்காரரை இரண்டு நாளாக இந்தக் கட்டடத்தில் எங்கோ அடைத்து வைத்திருக்கிறீர்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான். ஓய்வு பெற அவருக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறதாம். குற்றம் அவர் மேல் விழுந்தால் வேலை போகும், ஐந்து வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். அப்படி ஆகக்கூடாது. அதற்காகத்தான் நானாகவே வந்தேன். வந்ததை முதல் வரியிலேயே எழுதிக்கொண்டால் நல்லது.

எனக்கு வயது அறுபத்து மூன்று. தொழில் கொத்து வேலை. பன்னிரண்டு வயதில் சித்தாளாகச் செங்கல் சுமந்தேன், இருபதில் கொத்துக்கரண்டி பிடித்தேன். எல்லோரும் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள், என் மாமியார் உட்பட. இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது என் மகள். "அப்பா, ஒரு பத்து நாளாவது சிமெண்ட்டப் பாக்காம இருங்க. இருமல் கொஞ்சம் நிக்கட்டும்" என்றாள். நல்ல எண்ணம்தான். கிளம்புகிற அன்று பெட்டியைத் திறந்து பார்த்த என் வீட்டுக்காரி, துணிக்கு நடுவில் கரண்டியும் பூச்சைத் தேய்க்கிற மணியாஸ் கட்டையும் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"டூருக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"வீட்ல இருந்தா யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"கட்டையவா?"

"அது பழகுன கட்டை."

அவள் அதன் மேல் இரண்டு புடவையை மடித்து வைத்துப் பெட்டியைச் சாத்தினாள்.

அந்தச் சுவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலகமே வந்து பார்க்கிற சுவர். ஆனால் கொத்தனார் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆள் உயரம். கலவையே கிடையாது. கல் மேல் கல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, இடையில் என் நகம் நுழையவில்லை. மேலே ராஜா நாற்காலியில் இருக்கிறார். தாடி மயிர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவர் காலுக்குக் கீழே பதினோரு பேர் கல் சுமந்துகொண்டு வரிசையாகப் போகிறார்கள். முட்டி மடங்குகிற விதம், தோள் ஒரு பக்கம் சரிகிற விதம், கழுத்தில் நரம்பு புடைக்கிற இடம் எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. கல் சுமந்தவன்தான் அதைச் செதுக்கியிருக்க வேண்டும். முகம் மட்டும் ஒருத்தருக்கும் இல்லை. உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருக்கிறது.

"மூஞ்சியெல்லாம் உடஞ்சு போச்சா?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன்.

"உடையலீங்க மேஸ்திரி. வைக்கவே இல்ல. அந்தக் காலத்துல ராஜாவுக்கு மட்டும்தான் முகம்."

"அப்ப இவங்கல்லாம் யாருன்னு எப்படித் தெரியும்?" என்றாள் என் வீட்டுக்காரி.

அதற்கு வழிகாட்டி ஒரு பதில் சொன்னார். அந்தப் பதிலை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

என் கண் போனது மூன்றாவது ஆளின் மேல். சுவரின் உச்சியிலிருந்து ஒரு விரிசல் இறங்கி, ராஜாவின் நாற்காலிக் காலைத் தொட்டு, மூன்றாவது ஆளின் தோள் வழியாகத் தரைக்குப் போகிறது. என் சுண்டுவிரல் உள்ளே போகிற அளவு. அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தார்கள். எனக்கு அது தெரியும். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அதை வைத்து அளப்பார்கள். அளந்து என்ன செய்வது? கயிற்றுக்கு அடியில் குனிந்து போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். பொத்தென்று சத்தம். உள்ளே கூடு, வெறும் பொந்து. உடனே காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். எங்கள் பழக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவர், வழிகாட்டி வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் சொல்லுகிறவர்.

"என்ன மேஸ்திரி, தட்டிப் பாக்குறீங்க? இது உங்க ஆளுங்க போட்ட பூச்சு இல்ல, கையோட உதுந்து வர்றதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"உள்ள கூடா இருக்கு சார். இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்காது."

"நாலாயிரம் வருஷமாத் தாங்குது. நீங்க கட்டுன வீட்ல ஒழுகாம நாலு வருஷம் குடியிருந்தவன் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, அவன நான் சுத்திப் பாக்குறேன்."

மறுபடியும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இதை எழுத வேண்டாம். எழுதினால் நான் ஏதோ ரோஷத்தில் செய்ததாக ஆகிவிடும். நான் செய்தது பாதுகாப்புக்காக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கமாக வரிசையில் போனதை நானே பார்த்தேன். கயிற்றுக்கு இப்பால் பதினைந்து அடி தள்ளித்தான் போனார்கள். இருந்தாலும் பிள்ளைகள்.

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வெயிலுக்காக அந்த இடத்தை மூடிவிடுகிறார்கள். குழு சாப்பிடப் போய்விட்டது. என் வீட்டுக்காரியால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. விசில் ஊதிய அதே காவல்காரர்தான் வந்து அவளைத் தன் பெஞ்சில் உட்கார வைத்தார், ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து கால் வைக்கச் சொன்னார். அவர் சாப்பிட வைத்திருந்த ரொட்டியைப் பிட்டு எங்களுக்குப் பாதி கொடுத்தார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். காய்ப்பைத் தடவினார், சுண்ணாம்பு அரித்த நகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டினார். வலது கையில் இரண்டு விரலுக்கு நுனி இல்லை. மேலேயிருந்து கல் விழுவதைப் போலச் சைகை செய்து காட்டிச் சிரித்தார். அவரும் ஒரு காலத்தில் கல் வேலைக்காரர்தான். சுவரைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, இருபத்தெட்டு வருஷம் என்று விரல்விட்டுக் காட்டினார். விரல் குறைவாக இருந்ததால் எண்ணி முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அவர் பெயரா? தெரியாது. கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் என் வீட்டுக்காரி காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு உனக்கு மயக்கம் வரணும்" என்றேன்.

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டே கால்."

"எதுக்குங்க?"

"சின்ன வேல ஒண்ணு இருக்கு."

"போன தடவ சின்ன வேலன்னு சொல்லித்தான் என் தங்கச்சி வீட்டு அடுப்படிய ஒரு மாசம் மூடிப்போட்டீங்க. அவ இன்னும் எங்கிட்ட சரியாப் பேசல."

"இது ரெண்டு மணி நேரம்."

அவள் தைல பாட்டிலை மூடினாள். "அந்த மனுஷன் நல்ல மனுஷங்க" என்றாள். அது எனக்கும் தெரியும். நல்ல மனுஷனாக இல்லாவிட்டால் இந்தத் திட்டமே நடக்காது.

மறுநாள் குழுவுக்கு ஓய்வு நாள். நாங்கள் இருவரும் போனோம். காவல்காரர் எங்களைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டார். பன்னிரண்டு மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பியவர் எங்களை மட்டும் விட்டுவைத்தார். பன்னிரண்டே காலுக்கு என் வீட்டுக்காரிக்கு மயக்கம் வந்தது. உண்மையான மயக்கம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், அவ்வளவு நன்றாக விழுந்தாள். காவல்காரர் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வாசல் பக்கம் இருக்கிற முதலுதவி அறைக்கு நடத்திப் போனார். சாவிக்கொத்து பெஞ்சில் கிடந்தது. முதலுதவி அறை பூட்டியிருந்ததாம், நர்ஸ் சாப்பிடப் போயிருந்தார். அதனால் வாசற்படி நிழலில் அவளைப் படுக்க வைத்து, தொப்பியால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை அவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் மயங்கினாள். இதையெல்லாம் அவர் உங்களிடம் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

சிமெண்டும் மணலும் புது டிக்கெட் கவுண்டர் கட்டுகிற இடத்திலிருந்து எடுத்தேன். உங்கள் ஆட்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். சிமெண்டு நல்ல சிமெண்டு. மணலில்தான் மண் கலந்திருக்கிறது, சலிக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மூன்று கலந்தேன். கண்ணாடித் துண்டைப் பெயர்த்து ஓரமாக வைத்தேன், உடைக்கவில்லை. விரிசலை முதலில் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கலவை பிடிக்காது. சுவரில் அந்த இடத்தைச் சுற்றி நீலமாகவும் சிவப்பாகவும் ஏதோ படிந்திருந்தது. இரும்புக் கம்பி பிரஷ் போட்டுத் தண்ணீர் விட்டதும் சுத்தமாகப் போய்விட்டது.

வழிகாட்டி ஏன் நிறுத்திவிட்டார்? சொல்லச் சொல்லுங்கள். அந்தக் காலத்துச் சாயமாம். ஐயா, சாயத்தின் மேல் பூசினால் பூச்சு நிற்காது.

ஆழமான விரிசலை வெறும் கலவையால் அடைக்கக்கூடாது. காய்ந்ததும் சுருங்கி விலகிவிடும். சில்லுக்கல் வைத்து இறுக்க வேண்டும். காவல்காரரின் சாவியில் ஒன்று பக்கத்துக் கொட்டகைக்குச் சேர்ந்தது. உள்ளே தட்டுத் தட்டாகக் கல் துண்டுகள் இருந்தன. வேண்டியதை எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், தனியாகவே சொல்கிறேன்.

இரண்டரை மணிக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. கொஞ்சம் கலவை மிஞ்சியது. கலவையை வீணாக்கினால் எனக்குச் சோறு இறங்காது. அதை என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

காவல்காரர் திரும்பி வந்தார். சுவரைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து கிட்டே போய், பூச்சை விரலால் தொட்டார். அழுதார். நாற்பது வருஷத்தில் என் வேலையைப் பார்த்து யாரும் அழுததில்லை. ஒரே ஒரு வீட்டுக்காரர் அழுதார், அது வேறு விஷயம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சுவரையும் என்னையும் மாறி மாறிக் காட்டி ஏதேதோ சொன்னார். பரவாயில்லை, பரவாயில்லை என்று தோளைத் தட்டிக் கொடுத்தேன். சட்டென்று ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் கொண்டுவந்தார். சுவர் மேல் தண்ணீரை வாரியடித்தார். பூச்சு வேலைக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஊற்றாவிட்டால் பூச்சு வெடித்துவிடும். ஆனால் அன்றைக்கே ஊற்றக்கூடாது, துடைப்பமும் போடக்கூடாது. மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, நாளையிலிருந்து, மேலேயிருந்து, மெதுவாக என்று என் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் காட்டினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டார். ஆர்வக்கோளாறு. நல்லவேளை, கலவை அதற்குள் இறுகத் தொடங்கியிருந்தது.

வாசலில் என் வீட்டுக்காரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "என்னங்க, அந்த மனுஷன் அழுவுறாரு" என்றாள்.

"சந்தோஷத்துல."

"எங்கண்ணுக்கு அப்படித் தெரியலீங்க."

"உனக்கு வேலையப் பத்தி என்ன தெரியும்?"

அடுத்த நாள் மத்தியானம் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனேன். போனவன் அசந்துபோனேன். சுவரின் அந்தப் பகுதியில் மேலிருந்து கீழ்வரை சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். நல்ல மேஸ்திரிகள்தான் அப்படிச் செய்வார்கள். ஈரச் சாக்கு போட்டால் தண்ணீர் சீக்கிரம் காயாது. நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, அவராகவே செய்திருந்தார். பக்கத்தில் ஒரு பலகையும் இருந்தது. பராமரிப்பு வேலை நடக்கிறது, அருகே வராதீர்கள் என்று எழுதியிருந்ததாக வழிகாட்டி பிறகு சொன்னார். சாக்கு காய்ந்திருந்தது. நனைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் நனைத்தேன். தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை.

நான்காம் நாளும் போய் ஊற்றினேன். அன்று அவர் என்னை உள்ளே விட மனமில்லாதவர் போல வாசலை மறித்து நின்றார். இனி நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஏன் வெயிலில் அலைகிறீர்கள் என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். பாட்டிலை நீட்டினேன். வாங்கித் தரையில் வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை உங்கள் ஆட்கள் அவரைச் சாக்குக்குப் பின்னால் கையும் உளியுமாகப் பிடித்தார்கள். பூச்சைச் செதுக்கி எடுத்துக்கொண்டிருந்தாராம். எடுக்கிற வேகத்தில் அடியில் இருந்த கல்லும் இரண்டு இடத்தில் பெயர்ந்துவிட்டது. அதுதான் அவருக்கு எதிரான பெரிய சாட்சி என்கிறீர்கள். எனக்கும் வருத்தம்தான். ஐந்து நாள் கூட ஆகாத பூச்சில் உளி வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் வழிகாட்டி எங்களிடம் செய்தியைச் சொன்னார். என் வீட்டுக்காரி அப்படியே தட்டைத் தள்ளிவைத்தாள். அறைக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"ரெண்டு மணி நேரம் எனக்கு விசிறுனாருங்க. கை வலிச்சா இந்தக் கைக்கு மாத்தி, அந்தக் கைக்கு மாத்தி. போய்ச் சொல்லிட்டு வாங்க."

"போறேன்."

"எப்ப?"

"நாளைக்குப் படகுச் சவாரி இருக்குல்ல. முடியட்டும்."

"படகா?"

"மக ஆசையா ஏற்பாடு பண்ணது."

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. படகிலும் தள்ளியே உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால், ஐயா, படகில் ஏறும்போதுகூட நான் உங்களிடம் வருவதாக முடிவு செய்திருக்கவில்லை. எங்கள் விமானம் நாளன்றைக்கு. நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டு அவரை எப்படியும் விட்டுவிடுவீர்கள் என்று ஒரு நம்பிக்கை. நடுவில் இன்ஜினியர் கெடுத்தார். படகில் எல்லோருக்கும் கேட்கும்படி வழிகாட்டியிடம் பேப்பரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். சுவரைப் பாழாக்கியவன் தொழில் தெரியாதவன், கைப்பழக்கமே இல்லாத ஆளின் வேலை என்று நிபுணர் ஒருவர் சொன்னதாகப் போட்டிருந்தது. மூன்றாவது சுமையாளுக்குக் குரங்கு மாதிரி ஒரு முகமும் வைத்திருக்கிறான் என்றும் இருந்தது.

"கொரங்குக்கு மீசையும் இருக்காம்" என்றார் இன்ஜினியர். படகே குலுங்கியது. என் வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

மிஞ்சிய கலவையை என்ன செய்தேன் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் இந்த அறைக்குள் நுழைந்ததும் மேசையிலிருந்த போட்டோவையும் என்னையும் நீங்கள் இரண்டு தடவை மாறி மாறிப் பார்த்தீர்கள். ஆமாம். என் போனை எதிரே சாய்த்து வைத்து, அதில் தெரிந்ததைப் பார்த்துத்தான் செய்தேன். வேறு முகம் கைவசம் இல்லை. நாலாயிரம் வருஷமாக முகமில்லாமல் கல் சுமந்துகொண்டிருக்கிறான், யாராவது ஒருத்தன் கொடுக்க வேண்டாமா? மூக்கு கொஞ்சம் பருத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். மீசை நன்றாகத்தான் வந்திருக்கிறது. அது கைப்பழக்கம் இல்லாதவன் வேலை என்று சொன்ன நிபுணரை நான் பார்க்க வேண்டும். கரண்டி நுனியால் மீசை இழுக்கட்டும் பார்ப்போம். எப்படியோ, காவல்காரருக்காக நேற்றுச் சாயங்காலமே கிளம்பி வந்துவிட்டேன். உங்கள் அலுவலகம் மூடியிருந்ததால் இன்று.

இனி கல் துண்டுகள். தட்டில் அடுக்கியிருந்ததைக் குப்பை என்று நினைத்ததாக, நான் வந்ததும் நீங்கள் கேட்டபோது சொன்னேன். அது அப்படியே பதிவாகியிருந்தால் அடித்துவிடுங்கள். குப்பையை யாரும் தட்டில் அடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் வெள்ளைப் பெயின்டில் எண் போட்டிருந்தது. பழைய கட்டடத்தைப் பிரித்து வேறு இடத்தில் கட்டுகிற வேலைக்கு நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். மறுபடியும் அதே இடத்தில் வைக்க வேண்டிய கல்லுக்குத்தான் எண் போடுவோம். எனக்கு எண் என்றால் என்ன என்று தெரியும்.

அவற்றில் எழுத்து இருந்ததும் தெரியும். முதல் நாள், இவர்கள் யாரென்று எப்படித் தெரியும் என்று என் வீட்டுக்காரி கேட்டாளே, அதற்கு வழிகாட்டி சொன்ன பதில் இதுதான்: "முகம் இல்லாட்டி என்னம்மா, பேர் இருக்கு. இந்தச் சுவர்ல வேல செஞ்சவங்க பேரையெல்லாம் ஒரு பலகைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. ராஜாவுக்குத் தெரியாம அவங்களே வெட்டுனதுன்னு சொல்றாங்க. ஒடஞ்சு போச்சு. ஒரு அம்மா பதினோரு வருஷமா உக்காந்து துண்டு துண்டா சேத்துட்டு இருக்காங்க. அந்தக் கொட்டகையிலதான்."

கேட்டேன். நன்றாகவே காதில் விழுந்தது.

நூற்றுப் பதினெட்டுத் துண்டு எடுத்தேன். பெரியதை எல்லாம் சுத்தியலால் இரண்டாகவும் நான்காகவும் உடைத்தேன். ஏன் அதையே எடுத்தாய், வெளியே கல்லா இல்லை என்று கேட்கிறீர்கள். இருந்தது. பாதை போடக் கொட்டிய ஜல்லி ஒரு குவியலே இருந்தது. ஆனால் அது வேறு இனம், வேறு நிறம். இந்தச் சுவருக்கு ஒட்டுகிற கல் அது ஒன்றுதான், ஒரே குன்றில் வெட்டியது. பிளந்து பார்த்ததும் தெரிந்துகொண்டேன். நல்ல வேலைக்காரன் கிடைத்த கல்லை வைக்க மாட்டான், சேருகிற கல்லைத்தான் வைப்பான். அந்தப் பெயர்கள் எங்கும் போய்விடவில்லை. சுவருக்குள்தான் இருக்கின்றன. முன்னைவிடப் பத்திரமாக.

இப்போது கையெழுத்து. வழிகாட்டி காகிதத்தை எனக்கு முழுசாக வாசித்துக் காட்டினார். நாள், நேரம், கரண்டி, கண்ணாடி, கல் துண்டின் கணக்கு எல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது. காவல்காரருக்கு இதில் பங்கில்லை என்றும் தெளிவாக இருக்கிறது. கையெழுத்துப் போட்ட ஒரு மணி நேரத்தில் அவர் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். அவர் மனைவி காலையிலேயே மாற்றுச் சட்டையோடு வந்துவிட்டார். வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது, இருந்தும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு வரிதான் இடிக்கிறது. 'பழமையான சுவரைச் சிதைத்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு, 'விரிசலை அடைத்துச் சீர்செய்தேன்' என்று போடுங்கள். போட்டுவிடுகிறேன்.

அப்படி மாற்ற உங்களுக்கு அதிகாரமில்லை, மேலதிகாரி வர நான்கு நாள் ஆகும், அதற்குள் நாளைக் காலையிலேயே காவல்காரரைப் பெரிய சிறைக்கு மாற்றிவிடுவார்கள் என்கிறீர்கள். புரிகிறது. வழிகாட்டி மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு என்னிடமே கெஞ்சுகிறார்: "ஒரு வார்த்தைதானே மேஸ்திரி. போட்டுடுங்க. அந்த ஆளு ரெண்டு நாளாச் சாப்பிடலியாம்."

ஒரு வார்த்தைதான். ஆனால் நாளைக்கு இந்தக் காகிதத்தைப் பார்க்கிறவன், இந்த மேஸ்திரி கட்டினவன் இல்லை, கெடுத்தவன் என்றுதானே படிப்பான்? நான் உட்கார்ந்திருக்கிறேன், மேலதிகாரி வரட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. விமானத்தை மாற்றிக்கொள்ளலாம். காவல்காரரும் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டார். வேலையின் அருமை தெரிந்த மனுஷன்.